வேலையைக் கேட்டார்கள், காலை உணவு கிடைத்தது

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பொருளாதார வளர்ச்சியையும் சமூக நலனையும் மாநில அரசுகள் எப்படிச் சமன் செய்கின்றன' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. முனைவர் பட்டத்துக்கு நான் ஆய்வு செய்துகொண்டிருப்பதும் ஏறக்குறைய இதைத்தான். 'சமன்' என்றதும் நம் மனதில் ஒரு தராசு வந்துவிடுகிறது. ஒரு தட்டில் தொழிற்சாலை, இன்னொரு தட்டில் ரேஷன் அரிசி. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று தொலைக்காட்சி விவாதங்களில் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தராசில் ஏற்றவே படாத ஒன்று இருக்கிறது. அது சொத்து. நிலம், நிரந்தர வேலை, தொழில் முதலீடு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் 'இலவசம்' என்ற சண்டையை முடித்துவிடுவோம். 2022 ஜூலையில் பிரதமர் இலவசத் திட்டங்களை 'ரேவ்டி' என்று ஒரு மிட்டாயின் பெயரால் கேலி செய்தார். வரி கட்டுகிறவர்கள் பணத்தை எடுத்துக் கட்டாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கேலியின் உட்பொருள். தமிழ்நாட்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது 13,807 கோடி ரூபாய். 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல். அந்த டாஸ்மாக் கடை வாசலில் நிற்பவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணவன் பையிலிருந்து அன்றாடம் போகிற பணத்தில் ஒரு பகுதிதான் மனைவியின் வங்கிக் கணக்குக்கு மாதம் ஆயிரமாகத் திரும்பி வருகிறது. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் கூலிக்காரரும் வரி கட்டுகிறார். ஆகவே யாரோ கட்டிய வரியில் நாம் சாப்பிடுகிறோம் என்ற குற்றவுணர்ச்சி நமக்குத் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2021 தொழில் கொள்கையைப் படித்துப் பாருங்கள். பெரிய நிறுவனங்களுக்கு முதலீட்டு மானியம், மின்சார வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டணச் சலுகை, பின்தங்கிய மாவட்டங்களுக்குப் போனால் நிலத்தின் விலையிலேயே சலுகை என்று பட்டியல் நீள்கிறது. இதற்கு யாரும் மிட்டாய் என்று பெயர் வைப்பதில்லை. இதன் பெயர் ஊக்கத்தொகை. கிரைண்டர் கொடுத்தால் இலவசம், கம்பெனிக்குக் கொடுத்தால் ஊக்கம். சொல்லிலேயே சாதி பார்க்கும் நாடு இது.

அடுத்து, நலத்திட்டம் வளர்ச்சிக்குத் தடை என்கிறார்கள். இதற்குத் தமிழ்நாட்டு வரலாறே பதில் சொல்கிறது. 1920இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. வெள்ளை அரசு செலவைக் காட்டி அதை நிறுத்தியது. 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோது வீண்செலவு என்று சொன்ன வல்லுநர்கள் பலர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2001இல், நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022இல் காலை உணவும் வந்தது. வீண்செலவு என்று சொல்லப்பட்டது நூறு ஆண்டுகளில் நாட்டின் கடமையாகிவிட்டது.

ரேஷனிலும் இதே கதைதான். 1997இல் ஒன்றிய அரசு மக்களை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்து அட்டை கொடுக்கச் சொன்னது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்பதில் நின்றது. இதன் அருமை கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். யார் ஏழை என்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கொடுத்திருந்தால் நம் தெருவில் பாதிப் பேருக்கு அட்டை வந்திருக்காது. வீட்டில் அரிசி இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான், கொடுக்கிற கூலிக்குப் போக மாட்டேன் என்று ஒரு விவசாயக் கூலியால் சொல்ல முடியும். என் பாட்டியால் சொல்ல முடியவில்லை. என் அம்மாவால் சொல்ல முடிந்தது. நடுவில் வந்தது ரேஷன் கடை.

இப்படி வயிறு நிறைந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள்தான் பின்னால் தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் போனார்கள். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு, இந்திய அளவில் 28.4. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் இது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2024-25க்கு அறிவிக்கப்பட்ட வளர்ச்சி 11.19 விழுக்காடு. ஏ. கலையரசனும் ம. விஜயபாஸ்கரும் 2021இல் வெளியிட்ட 'தி திராவிடியன் மாடல்' என்ற நூல் இந்தத் தொடர்பை விரிவாக எடுத்துக்காட்டுகிறது. நலத்திட்டங்கள் வளர்ச்சியைக் கெடுக்கவில்லை, வளர்ச்சிக்கு ஆட்களை உருவாக்கிக் கொடுத்தன. இதுவரை நான் சொன்னதில் திராவிட இயக்கத் தோழர்கள் யாருக்கும் மறுப்பு இருக்காது.

இனிமேல் சொல்லப்போவதில்தான் நமக்குள் பேச வேண்டியது இருக்கிறது.

நலத்திட்டம் சாதியற்ற வெளியில் இறங்குவதில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க ஓர் அருந்ததியர் பெண் மாற்றலாகி வந்தார். அவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர்கள் தடுத்தார்கள். அதிகாரி என்ன செய்தார்? தடுத்தவர்களை விட்டுவிட்டுச் சமைக்க வந்தவரை இடமாற்றம் செய்தார். போராட்டம் நடந்த பிறகுதான் அந்த ஆணை ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. சாப்பிடும் இடத்தில் நாம் இருக்கலாம், ஆக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. புதுக்கோட்டை வேங்கைவயலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி கட்டியது நலத்திட்டம். அதில் மலத்தைக் கலந்தது என்ன என்பதை நலத்திட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் எழுத இடமில்லை. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி. ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு. சாதி போட்ட கோட்டை அழிக்காமல் அதன் மேலேயே சிமென்ட் பூசிக் கொடுப்பதைத்தான் பல இடங்களில் வளர்ச்சிப் பணி என்கிறோம்.

ஆனாலும் இவை போராடித் திருத்தக்கூடியவை. அதைவிட ஆழமான சிக்கல் நிலத்தில் இருக்கிறது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் கையில் இருக்கும்வரை இந்த மக்களுக்கு விடிவில்லை என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. அந்த நிலத்தை முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் பட்டியலின மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படிக் கொடுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்கின்றன. இன்று அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது? முழுமையான கணக்கை எந்த அரசும் வெளியிடவில்லை. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதிய பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான் இன்றைக்கு மறைமலை நகர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். தமிழ்நாட்டின் வளர்ச்சிக்கு முகவரி எழுதச் சொன்னால் இந்த ஊர்களின் பெயர்களைத்தான் எழுதுவார்கள். 1990களில் கார் தொழிற்சாலைகள் வந்தபின் ஏக்கர் கணக்கில் பேசிய நிலம் சென்ட் கணக்கில் விலை பேசப்பட்டது. பட்டா யார் பெயரில் இருந்ததோ அவருக்கு இழப்பீடு வந்தது. அதை வைத்து அவர் லாரி வாங்கினார், தண்ணீர் டேங்கர் விட்டார், வாடகைக்கு வீடு கட்டினார், தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தம் எடுத்தார். அதே வயலில் மூன்று தலைமுறையாக நாற்று நட்டவருக்கு வேலை போனது. அவருடைய பிள்ளை அந்த ஒப்பந்ததாரரிடமே கேன்டீன் வேலைக்கோ துப்புரவு வேலைக்கோ போய்ச் சேர்ந்தார். பண்ணையார் ஒப்பந்ததாரர் ஆனார், பண்ணையாள் ஒப்பந்தத் தொழிலாளி ஆனார். களப்பணியில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இந்த மாற்றத்தைத்தான். உறவு மாறவில்லை, சம்பளச் சீட்டு மட்டும் வந்திருக்கிறது. அதுவும் சில பேருக்குத்தான்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2013ஆம் ஆண்டின் ஒன்றிய நிலம் எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். எடுக்கும் நிலத்தை நம்பி யார் யார் வாழ்கிறார்கள், நிலமில்லாத கூலிகள் எத்தனை பேர் என்று அதில் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் தொழில் தேவைக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் வழியாக. ஒன்றியச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டார்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது, அப்போதைய அரசு புதுச் சட்டம் இயற்றி அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. நிலமற்றவர் எத்தனை பேர் என்று எழுதவே வேண்டாம் என்றால், வளர்ச்சியில் அவர் இழந்தது என்ன என்று யார் எழுதுவார்கள்? இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகங்களுக்கும் இடையே பெரிய கருத்து வேறுபாடு எதையும் நான் பார்க்கவில்லை.

அடுத்து, சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் போராட்டம். என் ஆய்வில் நான் சொல்லத் தடுமாறிக்கொண்டிருந்ததை அந்தப் போராட்டம் பதின்மூன்று நாட்களில் சொல்லிவிட்டது.

2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் அவர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஐந்து, ஆறாம் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுக்காதே, ஆண்டுக்கணக்காக வேலை செய்கிற எங்களை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. பெரும்பாலானவர்கள் தலித் மக்கள், அதிலும் பெண்கள். தனியாரிடம் போனால் கைக்கு வரும் சம்பளம் குறையும் என்று பயந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாளே அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு நலத்திட்டங்களை அறிவித்தது: இலவசக் காலை உணவு, கூடுதல் காப்பீடு, பிள்ளைகளுக்கு உயர்கல்வி உதவி, வீடுகள், சுயதொழிலுக்கு மானியம், தொழில் நோய்களுக்குச் சிகிச்சை. ஒவ்வொன்றும் நல்ல திட்டம்தான். எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கேட்டது இது எதுவுமில்லை. நிரந்தர வேலை இருந்தால் அந்த அம்மா தன் காலை உணவைத் தானே வாங்கிச் சாப்பிடுவார், தன் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைத் தானே கட்டுவார்.

அந்த இரண்டு நாட்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வளர்ச்சியும் நலமும் 'சமன்' செய்யப்படும் முறை அப்பட்டமாகத் தெரியும். சொத்து, நிரந்தரம், பேரம் பேசும் உரிமை ஆகியவை மறுக்கப்படுகின்றன. மறுக்கப்பட்டதற்கு ஈடாக நலத்திட்டம் வழங்கப்படுகிறது. வேலையாக வந்திருந்தால் வழக்குப் போட்டுக் கேட்கலாம், திட்டமாக வந்தால் நன்றி சொல்ல வேண்டும். சாதியச் சமூகத்தில் இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை. கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவிலிருந்து வெளியே வருவதற்காகத்தான் நம் தாத்தாக்கள் போராடினார்கள்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டியலின மக்களின் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கைத் திட்ட நிதியில் தனியாக ஒதுக்க வேண்டும் என்பதற்காக 1979-80 காலத்தில் வந்ததுதான் சிறப்புக் கூறுத் திட்டம், பிற்காலத் துணைத்திட்டம். ஆந்திராவும் கர்நாடகமும் 2013இல் இதற்குச் சட்டமே கொண்டுவந்தன. ஆனால் கர்நாடக அரசு தன் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்காக 2023-24இல் 11,144 கோடி ரூபாயையும், 2024-25இல் 14,282 கோடி ரூபாயையும் இந்தத் துணைத்திட்டங்களிலிருந்து எடுத்தது. பட்டியல் சாதிப் பெண்ணும் இலவசப் பேருந்தில் போகிறாளே, அவள் பங்கைத்தானே எடுத்தோம் என்பது அவர்கள் வாதம். தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகைக்குத் துணைத்திட்ட நிதியைக் காட்டியபோதும் இதே கேள்வி எழுந்தது, இதே மாதிரி பதில்தான் வந்தது.

அந்தப் பதிலில் உள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் ஆயிரம் ரூபாய். மற்றவர்களுக்குப் பொது நிதியிலிருந்து, நமக்கு மட்டும் நம் நிதியிலிருந்து. பந்தியில் எல்லோரோடும் உட்காரவைத்துவிட்டு, நம் இலைக்கு மட்டும் நம் வீட்டு அரிசியையே உலையில் போட்ட கதை. பொதுத் திட்டத்தில் நமக்குக் குடிமக்கள் என்ற முறையில் பங்கு உண்டு. துணைத்திட்டம் அதற்கு மேலே, நூற்றாண்டுக் கணக்கில் மறுக்கப்பட்ட சொத்தை ஈடுகட்ட வந்தது. மாதாந்திரச் செலவுக்கு அதைக் கரைத்தால், மீதமிருக்கும் ஒரே கதவையும் சாத்திவிடுகிறோம்.

அந்தக் கதவைத் திறக்கும் திட்டங்களும் இல்லாமல் இல்லை. பட்டியலினத் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. நிலமற்ற பட்டியலின விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, ஐந்து லட்சம் ரூபாய் வரை பாதி விலையை மானியமாகக் கொடுக்கும் நன்னிலம் திட்டம் இருக்கிறது. இவற்றின் வழியை நான் வரவேற்கிறேன். இவற்றுக்கு ஒதுக்கும் தொகையை மகளிர் உரிமைத் தொகையோடு ஒப்பிட்டால் அரசின் முன்னுரிமை எங்கே இருக்கிறது என்பது புரியும்.

ஒன்றிய அரசு மாநிலங்களின் கையைக் கட்டிவைத்திருக்கிறதே என்று தோழர்கள் கேட்கலாம். உண்மைதான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபிறகு மாநிலங்கள் தாமாக விதிக்கும் வரிகள் மது, பெட்ரோல், பத்திரப்பதிவு, வாகனம் என்று சுருங்கிவிட்டன. செஸ், மேல்வரி என்ற பெயரில் ஒன்றிய அரசு வசூலிப்பதில் மாநிலத்துக்குப் பங்கில்லை. 15ஆவது நிதி ஆணையம் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த வரிப் பங்கு 4.079 விழுக்காடு. இந்த அநீதியை எதிர்த்து மாநில அரசோடு நாமும் நிற்போம். ஆனால் பஞ்சமி நிலத்தைக் கணக்கெடுக்க டெல்லியின் அனுமதி தேவையில்லை. மாநகராட்சியில் ஒரு தூய்மைப் பணியாளரை நிரந்தரமாக்க நிதி ஆணையம் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் முக்கியத் தொழில்களும் விவசாய நிலமும் அரசின் உடைமையாக இருக்க வேண்டும், நிலத்தைச் சாதி பார்க்காமல் கிராம மக்களுக்குக் குத்தகைக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார். அவர் நிவாரணத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பொருளாதாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதையே அரசியல் சட்டத்தில் எழுதிவைக்கச் சொன்னார். அந்த அளவுக்கு இன்று யாரும் போகப்போவதில்லை. குறைந்தபட்சம் நான்கைக் கேட்போம்.

ஒன்று, துணைத்திட்ட நிதியில் ஒரு ரூபாயும் பொதுத் திட்டங்களுக்குப் போகக் கூடாது. தமிழ்நாடு 2024இல் கொண்டுவந்த பட்டியலினத்தவருக்கான மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் விதிகளில் இது ஐயமில்லாமல் இருக்க வேண்டும். நிலம், வீட்டுமனை, தொழில் முதலீடு, உயர்கல்வி இவற்றுக்கு மட்டுமே அது செலவாக வேண்டும்.

இரண்டு, சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும் முன் அந்த வட்டத்தின் பஞ்சமி நிலப் பதிவேட்டை வெளியிட வேண்டும். நிலமற்ற கூலிக் குடும்பங்களைக் கணக்கெடுத்து அவர்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

மூன்று, தூய்மைப் பணி நிரந்தரப் பணி. ஒவ்வொரு நாளும் குப்பை விழுகிற ஊரில் அது எப்படித் தற்காலிக வேலையாகும்?

நான்கு, கணக்கு. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆண், பெண் எண்ணிக்கை இருக்கிறது, நேரடித் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி எண்ணிக்கை இருக்கிறது. சாதி இல்லை. 11 விழுக்காடு வளர்ச்சியில், மாநில மக்களில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் நமக்கு வந்தது என்ன என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் புள்ளிவிவரம் இல்லை. பீகாரும் தெலங்கானாவும் சாதிக் கணக்கெடுப்பு நடத்திக் காட்டிவிட்டன. சமூக நீதியின் தாய்மண் என்று சொல்லிக்கொள்ளும் மாநிலம் இன்னும் டெல்லியைக் கைகாட்டிக்கொண்டிருக்கிறது.

நான் சத்துணவு சாப்பிட்டு, அரசு விடுதியில் தங்கி, உதவித்தொகையில் படித்து இங்கே வந்து நிற்கிறேன். நலத்திட்டத்தை ஒழிக்க நினைக்கிறவர்களோடு எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. அதனால்தான் அடுத்த திட்டம் அறிவிக்கப்படும்போது ஒரு கேள்வியை நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்: இது எங்கள் கையில் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்காமல் இருப்பதற்காகக் கொடுக்கிறது? உங்கள் ஊரில், உங்கள் தெருவில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுத் தொடங்குங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் பஞ்சமி நிலப் பதிவேட்டைக் கேளுங்கள். கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.